ஜெராக்ஸ் கடை உதவி மையம் ஆகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களுக்குக் கிடைக்கும் உதவிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், திறன் பயிற்சி தரும் நான் முதல்வன், மனநல உதவி எண் என்று எதையும் விடாமல் படிக்கிறேன். நல்ல திட்டங்கள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் திட்டத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில், கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்து பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆள் இல்லாததால், அந்த வேலையை வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைகள் பார்க்கின்றன. தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரி எதிரில் அப்படி ஒரு கடை நடத்துகிறவன் நான்.

என் கடைக்கு வரும் பிள்ளைகள் பென்னாகரம், ஏரியூர், மாரண்டஅள்ளி பக்கமிருந்து இலவச பஸ் பாஸில் வருகிறவர்கள். வத்தல்மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களும் உண்டு. நிறைய பேருக்கு அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, இல்லாவிட்டால் திருப்பூர். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர்கள்தான். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று வீட்டில் சொல்லிக் கொடுக்க யாரும் கிடையாது. அதனால் கையில் ஒரு காகிதத்தோடு வந்து, "அண்ணா, இதுக்கு என்ன பண்ணணும்?" என்று என்னிடம் கேட்கிறார்கள்.

மாதம் 1,000 ரூபாய் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாணவிகளுக்குப் புதுமைப் பெண் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கிய திட்டங்கள். பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்குப் பணம் ஏறிவிட்டது, தனக்கு ஏறவில்லை என்று ஒரு மாணவி அழாத குறையாக வருவாள். பெரும்பாலும் காரணம் இதுதான்: இப்படி நேரடியாக வரும் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். பள்ளிக்கூடத்தில் திறந்த கணக்கு ஒன்று இருக்கும், அப்புறம் போனில் யாரோ திறந்து கொடுத்த கணக்கு இன்னொன்று இருக்கும். அந்தப் பெண் பழைய பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். பணம் புதிய கணக்கில் சும்மா கிடக்கும்.

இதைச் சரிபார்க்க உட்கார்ந்தால் ஓடிபி கேட்கும். ஆதாரில் இருக்கும் நம்பர் அப்பாவுடையது. அப்பா பெங்களூரில் சாரத்தின் மேல் நிற்கிறார். பெண் என் கடைக்கு வெளியே ரோட்டோரம் நின்று, "அப்பா, மெசேஜ் வந்திருக்கும் பாருப்பா... ஆறு நம்பர்ப்பா... இல்ல, அது பேலன்ஸ் மெசேஜ், அதுக்கு முன்னாடி" என்று கத்துகிறாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து. எனக்குப் பின்னால் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இது ஜெராக்ஸ் கடைக்காரன் செய்ய வேண்டிய வேலையா? யாரோ ஒருவருடைய வங்கி விவரமும் ஆதார் எண்ணும் என் கம்ப்யூட்டரில் ஏன் கிடக்க வேண்டும்? நான் அழித்துவிடுகிறேன். எல்லாக் கடையிலும் அழிப்பார்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

இன்னொரு வகை இதைவிடப் பாவம். அப்பா அம்மாவோடு பெங்களூர் போய், அங்கேயே ஆறாவதும் ஏழாவதும் படித்துவிட்டு, எட்டாவதுக்கு ஊர் திரும்பிய பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறைய. இந்த 1,000 ரூபாய்க்கு, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி (2024 முதல் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள்). ஆக, இவர்களுக்குப் பணம் வராது. வராது என்பதைக்கூட அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அடுத்த மாதம் வரும், அடுத்த மாதம் வரும் என்று காத்திருக்கிறார்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போன குடும்பத்தின் பிள்ளைக்குத்தான் இந்த 1,000 ரூபாய் அதிகம் தேவை. விதியை மாற்றுவது அரசின் கையில். அதை விளக்கிச் சொல்வதாவது கல்லூரியின் கையில் இருக்கிறதே.

முதல் பட்டதாரிச் சான்று இன்னொரு கூத்து. கலைக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்த பிள்ளை, இ-சேவை மையத்தில் காசு கட்டி, விஏஓவைத் தேடி அலைந்து அந்தச் சான்றை வாங்கி வருகிறது. அந்தச் சான்றைக் காட்டினால் கிடைக்கும் கட்டணச் சலுகை, கலந்தாய்வு மூலம் பொறியியல், மருத்துவம் மாதிரித் தொழிற்படிப்பில் சேர்கிறவர்களுக்கானது. முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

சரி, பணத்தை விடுங்கள். படிப்புக்கு வருகிறேன்.

தமிழ் வழியில் பன்னிரண்டு வருடம் படித்தவன் கல்லூரிக்கு வந்ததும் அவனை முதலில் மடக்குவது பார்ட்-2, அதாவது எல்லோரும் எழுத வேண்டிய பொது ஆங்கிலப் பாடம். வரலாற்றில் நல்ல மார்க் வாங்குகிற பையன், ஆங்கிலத்தில் முதல் செமஸ்டரிலேயே அரியர் வைத்துவிடுவான். அடுத்த செமஸ்டரில் அது இரண்டாகும். என்னிடம் கைடு ஜெராக்ஸ் போட்டு மனப்பாடம் செய்துகொண்டு போவான், மறுபடி போகும். முதலாம் ஆண்டு தொடக்கத்தில் பிரிட்ஜ் கோர்ஸ் என்று அடிப்படைப் பயிற்சி வகுப்பு சில நாள் வைக்கிறார்கள், அட்மிஷன் முடியாத நேரத்தில். பாதிப் பேர் அப்போது சேர்ந்தே இருக்க மாட்டார்கள். தேர்வுக் கட்டண அறிவிப்பு ஆங்கிலத்தில் வருகிறது. நோட்டீஸ் போர்டில் ஒட்டியதை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட, அது மங்கலாகச் சுற்றி வந்து சேரும்போது கடைசித் தேதியாக இருக்கும். அபராதம் கட்டக் காசில்லாமல் ஒரு செமஸ்டரையே விட்டவர்களை எனக்குத் தெரியும். படிப்பு வராமல் நின்றவர்களைவிட, இப்படித் தேதி தெரியாமல் பின்தங்கியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது ஷிஃப்ட் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். அவர்கள் வகுப்பு முடியும்போது அலுவலக ஜன்னல் மூடியிருக்கும். நூலகத்தில் உட்காரலாம் என்றால் ஊருக்குக் கடைசி பஸ் போய்விடும். காலையில் சீக்கிரம் வரலாமே என்பீர்கள். காலையில் அவர்களில் பலர் பூ மார்க்கெட்டிலோ தக்காளி மண்டியிலோ வேலை பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்கே வருகிறார்கள்.

இதையெல்லாம் கவனிக்கக் கல்லூரியில் ஏற்பாடே இல்லையா என்றால், காகிதத்தில் இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வருகிற சமயத்தில் எனக்கு ராத்திரி பகலாக பைண்டிங் வேலை. அவர்கள் மதிப்பிடுவதில் ஐந்தாவது தலைப்பே மாணவர் ஆதரவும் முன்னேற்றமும்தான். என் கையால் அச்சடித்து ஸ்பைரல் போட்ட கோப்பில் ஆலோசனை மையம் இருந்தது, வழிகாட்டி ஆசிரியர் பட்டியல் இருந்தது, எந்த மாணவர் எந்த ஆசிரியர் பொறுப்பில் என்ற பதிவேடு இருந்தது, இடம் நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி அறையின் புகைப்படம்கூட இருந்தது. என்னிடம் வரும் பிள்ளைகளிடம் அந்த அறை எங்கே என்று கேட்டுப் பார்த்தேன். "அங்க உடைஞ்ச பெஞ்சு போட்டு வச்சிருப்பாங்களே, அதுவாண்ணா?" என்றான் ஒருவன்.

ஆசிரியர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதிப் பேர் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்கள் வேலைக்கே நிச்சயம் இல்லை, சம்பளமும் குறைவு. அவர்களில் சிலர் தங்கள் பையிலிருந்து எடுத்துத் தேர்வுக் கட்டணம் கட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மனசு சம்பந்தப்பட்டதைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. டி.சி. கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள் என்று வரும் பெண்ணிடம், "என்ன பாப்பா, என்னாச்சு?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். வீட்டில் கல்யாணம் பேசி முடித்திருப்பார்கள். எத்தனை அரியர் என்று சொல்லாமல் மார்க்‌ஷீட்டை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கும் போகாமல் கடை வாசலிலேயே இருட்டும் வரை உட்கார்ந்திருக்கும் பையன்கள் உண்டு. டீ வாங்கிக் கொடுப்பேன். அதற்குமேல் எனக்கு என்ன தெரியும்? நான் பேசுவது நல்லது செய்கிறதா கெட்டது செய்கிறதா என்றே எனக்குப் பயமாக இருக்கும்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் இது பற்றி ஒரு தீர்ப்பு தந்தது. 2022-ல் மட்டும் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்ற தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கை அதில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருக்கும் எந்தக் கல்வி நிறுவனமும் பயிற்சி பெற்ற ஒரு மனநல ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும், உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும், ஊழியர்களுக்கு வருடத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும் என்றெல்லாம் கட்டளையிட்டிருக்கிறார்கள். நம் மாவட்டத்து அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள். ஆலோசகர் எங்கே என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணைக் கடைக் கண்ணாடியில் பெரிதாக ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "எங்க இருந்துண்ணா பேசறது?" வீட்டில் இருப்பது ஒரே அறை, போன் தம்பியோடு பங்கு. விடுதியில் ஒரு ரூமில் பத்துப் பேர். பஸ்ஸில் ஊர்க்காரர்கள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. கல்லூரியில் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறையும் அதில் ஒரு போனும் இருந்தால் போதும். அந்த அறை துறைத் தலைவர் அறைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், ஒருவரும் போக மாட்டார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்: உதவித்தொகை, சான்றிதழ், அரியர், மாணவர் விவரங்களைப் பதியும் யுமிஸ் (UMIS) இணையதளம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல ஒரே மேசை, ஓர் ஆள், இரண்டு ஷிஃப்டுக்கும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது, அங்கிருந்து மனநலப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் வாரத்தில் ஒரு நாள், எந்தக் கிழமை என்று எழுதிப் போட்டு, தவறாமல் வரலாம். தேர்வுக் கட்டணத் தேதியைத் தமிழில் வாசலிலேயே ஒட்டலாம், அச்சடித்து நானே தருகிறேன். மூன்றாம் ஆண்டில் ஆங்கிலம் நன்றாக வருகிற பிள்ளைகளை முதலாம் ஆண்டுக்குச் சொல்லிக் கொடுக்க விடலாம், அதற்கு நான் முதல்வனில் ஏதாவது சான்று கொடுத்தால் ஓடி வருவார்கள்.

மாவட்ட ஆட்சியர் அவர்கள் ஒரு நாள் இரண்டாவது ஷிஃப்ட் விடுகிற நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் ஏதாவது ஓர் அரசுக் கல்லூரிக்கு வந்து, அந்த ஆலோசனை அறையைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். மேசை போட்டால், எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று இத்தனை வருடத்தில் நான் தெரிந்துகொண்டதை எழுதிக் கொடுக்கத் தயார். கடைக்குக் கூட்டம் குறையும் என்று மனைவி சொல்கிறாள். குறையட்டும், ப்ராஜெக்ட் பைண்டிங் இருக்கிறது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர், தர்மபுரி மாவட்டம்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். கல்லூரி எதிரிலேயே பிழைக்க வேண்டியவன், அச்சிட வேண்டாம்.)