900 யார்டில் நின்றுபோன டரட்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. தாங்கியில் ரைஃபிளை வைத்துத் தொலைதூர இலக்கைச் சுடும் எஃப்/டிஆர் போட்டிப் பிரிவில் இறங்கிவிட்டாய், அதுவும் இங்கிலாந்தில் பிஸ்லியின் ஸ்டிக்கிள்டவுன் மைதானத்தில் என்று படித்ததும் மனம் நிறைந்துபோனது. "800 யார்டு வரை ஒழுங்காக வந்தது, 900-க்கு டரட் (ஸ்கோப்பின் உயரம் திருத்தும் குமிழ்) அதற்குமேல் திரும்பவில்லை, வேறு ஸ்கோப் வாங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. குறை ஸ்கோப்பில் இல்லை, அதைத் துப்பாக்கியோடு பூட்டும், சரிவில்லாத தட்டை ரெயிலில் இருக்கிறது.

உன் ஸ்கோப்பின் மொத்த ஏற்ற இறக்கம் 60 எம்ஓஏ (எம்ஓஏ என்பது கோண அளவு, பாகையில் அறுபதில் ஒரு பங்கு; 100 யார்டில் சுமார் 1.047 அங்குலம்). தட்டை ரெயிலில் 100 யார்டுக்கு ஜீரோ போட்டால், அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்தால், அதில் பாதி கீழே வீணாகிவிடும், மேலே போக 30 தான் மிச்சம். உன் .308 ரைஃபிளில் 175 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2600 அடி வேகத்தில் போகிறது என்றால் 800 யார்டுக்குச் சுமார் 28, 900-க்கு 33, 1000-க்கு 38 எம்ஓஏ ஏற்ற வேண்டும். 900-இல் நின்றது ஏன் என்று இப்போது புரியும்.

20 எம்ஓஏ சரிவுள்ள ஒற்றைத்துண்டு ரெயில் வாங்கு. தடித்த முனை பின்னால், உன் கண் பக்கம் வர வேண்டும். மாற்றிப் பூட்டினால் இருக்கிற ஏற்றமும் போய்விடும். சரியாகப் பூட்டினால் மேலே 50, கீழே 10 கிடைக்கும். 30 எம்ஓஏ ரெயில் இன்னும் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதே. அதில் 100 யார்டு ஜீரோ அடி விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். விளிம்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்கோப்பின் உட்குழாய் வட்டமான கூட்டுக்குள்தான் நகர்கிறது, அதனால் உச்சியையோ அடியையோ நெருங்க நெருங்கப் பக்கவாட்டில் நகர இடம் குறையும். 1000 யார்டில் மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றுக்கே 9 எம்ஓஏ அளவுக்குப் பக்கத் திருத்தம் வேண்டும் என்பதால் அந்த இடத்தை இழக்க முடியாது.

ஸ்கோப்பை ரெயிலில் பிடித்து நிறுத்தும் இரண்டு ரிங்குகளில் பின் ரிங்குக்கு அடியில் தகடு செருகி உயர்த்தும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ரிங்குகளுக்கு நடுவே 100 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 20 எம்ஓஏக்கு 0.58 மி.மீ. தகடு போதும், கணக்கு சுலபம்தான். ஆனால் இரண்டு ரிங்கும் ஒரே நேர்கோட்டில் இராது. ஸ்குரூவை முறுக்கும்போது குழாய்தான் வளைந்துகொடுக்கும்.

ரிங் வாங்கும்போது பிக்கட்டினியா வீவரா என்று பார், இரண்டும் குறுக்குக் காடிகள் வெட்டிய ரெயில் வகைகள். பிக்கட்டினி காடியின் அகலம் 5.23 மி.மீ., வீவருக்கு 4.57 மி.மீ. வீவர் ரிங் பிக்கட்டினியில் உட்கார்ந்துவிடும், ஆனால் காடிக்குள் ஆட்டம் இருக்கும். எந்த ரிங்காக இருந்தாலும் காடிக்குள் உட்காரும் அதன் குறுக்குக்கட்டையைக் காடியின் முன்சுவரில் ஒட்டும்படி முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்கு. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்க, ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அந்த இடைவெளியை விட்டுவைத்தால் ஸ்கோப் நழுவி ஜீரோ கலையும்.

ரெயில் ஸ்குரூக்களை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து நீல லாக்டைட் (ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி விடு. ரிங் மூடி ஸ்குரூக்களுக்கு அது வேண்டாம். ஈரமான மரையில் அதே டார்க் (முறுக்கு விசை) கூடுதலாக இறுக்கிவிடும். மூடிக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவே அளவு, பெரும்பாலும் 15 முதல் 18 இன்ச்-பவுண்டு. குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு, இருபக்க இடைவெளியும் சமமாக இருக்கட்டும். தூரத்துக்கேற்ப ஸ்கோப்பைச் சரிசெய்யும் பேரலாக்ஸ் குமிழ் திருப்பக் கடினமாகிப்போனால் குழாய் நசுங்குகிறது என்று அர்த்தம்.

அதிகக் கவனம் வேண்டியது சாய்வில். ரெயிலில் ரசமட்டம் வைத்துத் துப்பாக்கியை நேராக நிறுத்து. 100 யார்டில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, ரெட்டிகிளின் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளின்) நெடுங்கோடு அந்த நூலோடு ஒட்டும்வரை ஸ்கோப்பைத் திருப்பு. இறுக்கும்போது ஸ்கோப் சற்றே சுழலும், இறுக்கி முடித்தபின் மறுபடி பார். 38 எம்ஓஏ ஏற்றியிருக்கும்போது துப்பாக்கி ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் 1000 யார்டில் குண்டு 7 அங்குலம் பக்கவாட்டில் போகும். இலக்கின் நடுவே உள்ள 10 அங்குல விட்டமுள்ள வளையத்தின் ஆரம் 5 அங்குலம்தானே! குழாயில் ஒரு சிறு ரசமட்டத்தை நிரந்தரமாகப் பூட்டிவிடு.

பிறகு டரட் சொல்வது மெய்யா என்று சோதி. 100 யார்டில் உயரமான அட்டையில் செங்குத்துக் கோடு போட்டு, அடியில் குறிவைத்து ஐந்து குண்டு சுடு. 30 எம்ஓஏ ஏற்றி, அதே புள்ளியைக் குறிவைத்து இன்னும் ஐந்து. இரு கூட்டங்களின் நடுவே 31.4 அங்குலம் வர வேண்டும். 30.8 வந்தால் 2 சதவீதப் பிழை, 1000 யார்டில் அதுவே 8 அங்குலம். சரியாக 30 வந்தால் உன் டரட் எம்ஓஏ கணக்கில் இல்லை, 100 யார்டுக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் செய்யப்பட்டது. எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று கணக்கிடும் கணிப்பானில் அலகை மாற்றிவிடு. டரட்டை ஏற்றும்போது குண்டுகள் செங்குத்துக் கோட்டை விட்டு விலகிப்போனால் ரெட்டிகிள் சாய்ந்திருக்கிறது.

இன்னொன்று. புது ரெயிலில் ஸ்கோப்பை வைத்ததும் குண்டு 100 யார்டில் 21 அங்குலம் மேலே போகும். அதனால் சுடுவதற்கு முன்பே 20 எம்ஓஏ கீழே இறக்கு. டரட் ஜீரோவுக்குக் கீழே போகாமல் தடுக்கும் பழைய ஜீரோ ஸ்டாப் அதற்கு விடாது, முதலில் அதைத் தளர்த்து. 25 யார்டில் தாளில் பட வைத்து, 100-இல் ஜீரோவைச் சரிசெய்தபின் டரட்டைப் பூஜ்யத்துக்குத் திருப்பி ஸ்டாப்பை மறுபடி பூட்டு. உயர அட்டைச் சோதனையின் எண்கள் கிடைத்ததும் எழுது, 900-க்கும் 1000-க்கும் சேர்ந்தே கணக்குப் போடலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்