படகு டிரெய்லரில் உட்காரும் விதம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஃபோட்டோக்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹோபி 16, இரட்டை உடல் கொண்ட நல்ல பாய்மரப் படகு, நீ ஆசைப்பட்டு வாங்கியதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் அது டிரெய்லரில் உட்கார்ந்திருக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் நெடுஞ்சாலையில் தனியாக இழுத்துக்கொண்டு போகிறேன் என்கிறாய். ஃபோனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

படகைத் தாங்கும் டிரெய்லர் உருளைகளில் முன் ஜோடி, இரண்டு உடல்களையும் இணைக்கும் முன் குறுக்குச் சட்டத்துக்குச் சரியாகக் கீழே இருக்கிறது. பின் ஜோடிதான் இடம் மாறி, இரண்டு சட்டங்களுக்கும் நட்டநடுவில் நிற்கிறது. பளு தாங்கவேண்டிய இடம் அதுவல்ல. குறுக்குச் சட்டத்தின் கால்கள் படகுடலில் இறங்கும் இடத்தை ஒட்டித்தான் உடலுக்குப் பலம் அதிகம். மற்ற இடங்களில் மெல்லிய ஃபைபர், நடுவில் நுரை, மறுபடி மெல்லிய ஃபைபர், அவ்வளவுதான். ஒவ்வொரு குழியிலும் டிரெய்லர் எகிறி விழும்போது ஒரு சின்ன உருளை அதே இடத்தில் இடித்துக்கொண்டே இருந்தால், உள்ளே நுரை ஃபைபரிலிருந்து பிரிந்துவிடும். வெளியே பெயின்டில் கீறல்கூடத் தெரியாது. கட்டைவிரலால் அழுத்திப் பார், லேசாக உள்ளே போய்த் திரும்பி வந்தால் பிரிந்திருக்கிறது. ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே நகர்ந்து பார்ப்பது இன்னும் நல்லது. நல்ல இடத்தில் ஓசை கணீரென்று வரும், பிரிந்த இடத்தில் மந்தமாகிவிடும். உருளை படும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு இன்றைக்கே தட்டிப் பார்.

பின் உருளைகளைப் பின் சட்டத்துக்குக் கீழே கொண்டுபோ. முடிந்தால் உருளைகளையே கழற்றிவிட்டு, உடலின் வளைவுக்கு ஏற்ப வெட்டிய அகலமான மரத் தாங்கிகளுக்குக் கம்பளம் ஒட்டிப் போடு. படகை ஏற்றி இறக்கக் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் பளு பரவலாக இறங்கும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. நான்கு தாங்கிகளும் இறுகப் பொருத்தியிருந்தால், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது டிரெய்லர் முறுகும், கூடவே படகும் முறுகும். மேடுபள்ளத் தரையில் வைத்த நாலு கால் மேசை மாதிரி, பளு முழுக்க எதிரெதிர் மூலையில் இரண்டு தாங்கிகளுக்கே போய்விடும். முன் தாங்கிகள் இரண்டையும் ஒரே குறுக்குக் குழாயில் பொருத்தி, அந்தக் குழாயை நடுவில் ஒரு போல்ட்டில் சாய்ந்தாடும்படி விட்டால் இந்தத் தொல்லை இல்லை. உள்ளூர் வெல்டரிடம் படம் போட்டுக் காட்டினால் செய்துகொடுப்பார்.

இனி சமநிலை. எனக்குத் தூக்கம் கெடுவது இதனால்தான். படகு ஏறக்குறைய 145 கிலோ. டிரெய்லரும் அதே அளவு என்று வைத்துக்கொள், மொத்தம் சுமார் 300. அதில் பத்தில் ஒரு பங்கு, 30 கிலோ, காரின் கொக்கியில் இறங்கவேண்டும். இதைவிட ரொம்பக் குறைந்தால், வேகம் கூடும்போது டிரெய்லரின் வால் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும், ஆட்டம் தானாகவே பெருகும். அப்படி ஆடினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடி. பிரேக்கை ஓங்கி மிதிக்காதே, வேகத்தைக் கூட்டித் தப்பிக்கவும் பார்க்காதே. கொக்கியில் பளு ரொம்பக் கூடினால் காரின் பின்பக்கம் அமிழ்ந்து, முன் சக்கரங்களின் பிடிமானம் குறையும். கார் கையேட்டில் கொக்கிக்கு ஒரு வரம்பு போட்டிருக்கும், அதையும் பார்த்துவிடு.

அளப்பது சுலபம். குளியலறை எடைமெஷினைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, காரில் மாட்டும் அதே உயரத்தில் டிரெய்லரின் மூக்கை வை. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்துக்கு அடியில் வைத்து அளக்காதே, அது கொக்கிக்குப் பின்னால் இருப்பதால் கூடுதலாகக் காட்டும். பாய்மரம், பாய்கள், சுக்கான்கள் எல்லாம் பயணத்தில் எங்கே இருக்குமோ அங்கேயே இருக்கட்டும். எட்டு மீட்டர் பாய்மரம் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதும் கணக்கை மாற்றும். கொக்கியிலிருந்து ஆக்சில் வரை 4 மீட்டர் என்றால், படகை 10 சென்டிமீட்டர் முன்னே தள்ளினால் கொக்கியில் மூன்றரை கிலோ கூடும். தாங்கிகள் குறுக்குச் சட்டத்துக்கு நேரே நிற்கவேண்டும் என்பதால், தாங்கிகளையும் படகையும் சேர்த்தே நகர்த்து. இல்லையென்றால் ஆக்சிலை நகர்த்து, அதுதான் ஒழுங்கான வழி.

அளப்பதற்கு முன் இரண்டு உடல்களின் அடைப்பான்களையும் திறந்து தண்ணீரை வடித்துவிடு. உள்ளே பத்து லிட்டர் கிடந்தால் பத்து கிலோ, அதுவும் ஏற்றத்தில் பின்னால் ஓடி, பிரேக் போட்டால் முன்னால் ஓடும்.

படகைக் கட்டும் பட்டைகளைக் குறுக்குச் சட்டங்களின் மேல் போடு, உடலின் நடுவே போட்டு ராச்செட்டால் (பட்டையை முறுக்கி இறுக்கும் பூட்டு) நசுக்காதே. படகு முன்னோக்கி நழுவாதபடி பின்பக்கமாக இழுத்துக் கட்டும் ஒரு பட்டை கட்டாயம் வேண்டும், பிரேக் போட்டால் படகு நழுவுவது முன்பக்கம்தான். காரில் மாட்டாத டிரெய்லரில் பின்னாலிருந்து படகை ஏற்றவே ஏற்றாதே, மூக்கு எகிறி யார் முகத்திலாவது அடிக்கும்.

உருளைகளை மாற்றிய பிறகு பக்கவாட்டிலிருந்து ஒரு ஃபோட்டோவும், மெஷின் காட்டிய எடையும் அனுப்பு. 25 கிலோவுக்குக் கீழே இருந்தால் கிளம்பாதே, எனக்கு ஃபோன் பண்ணு, எவ்வளவு நகர்த்தவேண்டும் என்று சேர்ந்து கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
அப்பா