குடத்தை வகுப்பறைக்குத் திருப்பித் தாருங்கள்: மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் பள்ளியைப் பார்வையிட வந்தபோது, ஏழாம் வகுப்பில் மேசைமேல் ஒரு மண்குடமும் அதைச் சுற்றி 36 பிள்ளைகளும் நிற்கக் கண்டு தாங்கள் பார்வைப் பதிவேட்டில் எழுதிய வரியும், அதற்காக என்னிடம் கேட்கப்பட்ட எழுத்துப்பூர்வ விளக்கமும், பாடவேளையில் விளையாட்டும் பரிசு வழங்குவதும் கூடாது என்று பின்னர் எல்லாச் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் வாசிக்கப்பட்ட அறிவுரையும் தாங்கள் அறிந்தவையே. விளக்கத்தைத் தலைமையாசிரியர் வழியாக உரிய நாளில் அளித்துவிட்டேன். மூன்று வாரங்களாகப் பதில் இல்லை. அந்த அறிவுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கவே இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

தாங்கள் வகுப்புக்குள் நுழைந்தபோது பாடம் முடியும் தறுவாயில் இருந்தது. அதற்கு முன் நடந்ததைத் தாங்கள் பார்க்கவில்லை என்பதால் அதைச் சொல்லியாக வேண்டும். அன்றைய பாடம் சோழர் காலக் குடவோலை முறை, அதாவது தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, அதிலிருந்து எடுத்து ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) உறுப்பினரைத் தேர்ந்த முறை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் கூறும் தகுதிகளை வைத்து, பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி 36 அட்டைகள் செய்திருந்தேன். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு கற்பனை ஊரார்: வயது என்ன, வரி கட்டும் நிலம் எவ்வளவு, சொந்த மனையில் வீடு உண்டா, முன்பு வாரியத்தில் இருந்தவரா, இருந்தவரானால் கணக்குக் காட்டினாரா. கல்வெட்டு 30 குடும்புகளை, அதாவது ஊரின் பிரிவுகளைச் சொல்கிறது. எங்களுக்கு ஆறு பெஞ்சுகள் ஆறு குடும்புகள். யாருடைய பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடலாம் என்பதை ஒவ்வொரு குடும்பும் தீர்மானிக்க வேண்டும். மற்ற குடும்புகள் மறுப்புச் சொல்லலாம்.

வயது 35 ஆகாதவர் போனார். 70 கடந்தவர் போனார். கால் வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலம் இல்லாதவர் போனார். மூன்று ஆண்டுகளுக்குள் பதவியில் இருந்தவரும், கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் போனார்கள். வேதம் கற்றவராகவும் இருக்க வேண்டும், இது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரம்மதேய ஊரின் சபை என்று நான் சொன்னபோது இன்னும் பல அட்டைகள் கீழே வைக்கப்பட்டன. கடைசியில் 36 பேரில் நான்கு பேரின் ஓலைதான் குடத்துக்குள் விழுந்தது. வகுப்பு அமைதியாகிவிட்டது. "அப்போ எங்க தாத்தா மாதிரி ஆளுங்க பேரு குடத்துக்குள்ளயே போகாதா டீச்சர்? பொம்பளைங்க பேரு ஒண்ணுகூட இல்லியே?" என்று ஒரு மாணவி கேட்டாள். பதினான்கு ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். வாசித்துக் காட்டி நடத்திய ஆண்டுகளில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவளுடைய கேள்வியிலிருந்துதான் ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73ஆவது திருத்தத்துக்கும், 21 வயதானால் எவரும் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம் என்பதற்கும், தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் 2016இல் பெண்களுக்குப் பாதி இடங்கள் ஒதுக்கப்பட்டதற்கும் வந்து சேர்ந்தோம். குடவோலை முறையின் பெருமையையும் அதன் வாசலில் நிறுத்தப்பட்டவர்களையும் பிள்ளைகள் ஒரே பாடவேளையில் கண்டார்கள். இதற்குப் பெயர் பாடம்தான், ஐயா.

பரிசைப் பற்றி. மேசையில் இருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைத் தாங்கள் குறிப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள். பரிசைப் பற்றித் தங்களுக்கு ஐயம் இருந்தால் அதில் நியாயம் உண்டு. ஆசையோடு படம் வரைந்துகொண்டிருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரையவைத்தபோது, பிறகு அவர்கள் தாமாக வரைவது குறைந்துபோனதை 1973இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. என் அனுபவமும் அதற்கு மாறானதல்ல. தொடக்கத்தில் சரியான விடை சொன்னவருக்குப் பேனா கொடுத்தேன். அதே நான்கு பிள்ளைகள் வாங்கினார்கள், மற்றவர்கள் கை தூக்குவதையே விட்டுவிட்டார்கள். அதனால் இப்போது புள்ளிகள் பெஞ்சுக்குத்தான். வென்ற பெஞ்சு அடுத்த நாள் நிலவரைபடத்தில் எந்த இடத்தைத் தேடுவது என்று தேர்ந்தெடுக்கும். கடலைமிட்டாய் அன்று எல்லோருக்கும் கொடுக்க வாங்கியது. தின்பண்டம் வேண்டாம் என்றால் இன்றே நிறுத்திவிடுகிறேன். விளையாட்டையே நிறுத்தச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். குடத்திலிருந்து ஓலையை எடுப்பவர் உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனாக இருக்க வேண்டும் என்பது கல்வெட்டுச் செய்தி. அன்று அந்த இடத்தில் நின்ற மாணவனுக்குச் சரளமாக வாசிக்க வராது. மதிய உணவுக்குப் பிறகு வரும் என் பாடவேளைகளில் பல நாள் அவன் இருக்க மாட்டான். அன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, குடத்தைத் தானே கழுவித் துடைத்து மேசையில் வைத்தான். அவன் கை குடத்துக்குள் இருந்தபோதுதான் தாங்கள் உள்ளே வந்து, "இங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்டீர்கள். அவன் கையை வெளியே எடுக்கவே இல்லை, அப்படியே நின்றான். இரண்டு நாள் கழித்து, ஆசிரியர் அறை வாசலில் நின்று, "நான் கைய விட்டதுனாலதான் உங்களுக்கு மெமோ வந்துச்சா டீச்சர்?" என்று கேட்டான். இல்லையென்று சொன்னேன்; அவன் நம்பவில்லை. குடம் இப்போது பொருள் அறையில் பூட்டிக் கிடக்கிறது. வகுப்பு 'குடவோலை முறை: குறிப்பு வரைக' என்பதை ஐந்து முறை எழுதிக்கொண்டிருக்கிறது. அவன் மறுபடியும் மதியத்தில் வருவதில்லை.

நான் செய்தது விதிக்குப் புறம்பானதும் அல்ல. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, செயல்பாடுகளின் வழியாகவும் கண்டறிதல் வழியாகவும் பிள்ளைகள் கற்க வேண்டும், அச்சமின்றிக் கற்க வேண்டும் என்கிறது. எட்டாம் வகுப்பு வரை வளரறி மதிப்பீட்டுக்கென (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீட்டுக்கென) 40 மதிப்பெண்களை ஒதுக்கி, அதில் செயல்பாடுகளுக்கு இடம் வைத்தது நம் துறைதான். ஆனால் நடத்தாத செயல்பாட்டை நடத்தியதாகப் பதிவேட்டில் எழுதினால் எவரும் கேட்பதில்லை. நடத்திய செயல்பாட்டுக்கு விளக்கம் கேட்கப்படுகிறது. கணக்குக்கு நேரம் போதவில்லையென்றால் எங்கள் பாடவேளையைத்தான் எடுக்கிறார்கள். தேர்வு நெருங்கினால் எங்கள் பாடம்தான் மனப்பாடத்துக்கு உரியதாகிறது. இணையப் பதிவுகளுக்காக வகுப்பை விட்டு வெளியே நிற்கும் நேரத்தைப் பற்றி எந்தப் பார்வைப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை. சமூக அறிவியலை இப்படி நடத்திவிட்டு, பிள்ளைகளுக்கு நாட்டு நடப்பில் அக்கறை இல்லை என்று மேடைகளில் வருந்துவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

எழுத எழுதக் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். ஒரு நாளில் பல பள்ளிகளைப் பார்க்க வேண்டிய தங்கள் பணிச்சுமையை நான் அறியாதவள் அல்ல. நான் வேண்டுவது இவ்வளவே: அந்த அறிவுரையைத் திரும்பப் பெறுங்கள். வாரம் ஒரு சமூக அறிவியல் பாடவேளையையாவது விளையாட்டு வழியாக நடத்தலாம் என்றும், அது கற்பித்தலாகவே கொள்ளப்படும் என்றும் எழுத்தில் தெரிவியுங்கள். பரிசுக்கு வரம்பு வைப்பதானால் வையுங்கள், கட்டுப்படுகிறோம். அறிவுரையைக் கேட்ட பிறகு தாயக்கட்டையையும் பரமபத அட்டையையும் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்ட மற்ற ஆசிரியர்களுக்காகவும் இதைக் கேட்கிறேன்.

அடுத்த முறை எங்கள் பள்ளிக்கு வரும்போது, அருள்கூர்ந்து பாடவேளையின் தொடக்கத்திலேயே வந்து அமருங்கள்; தங்களுக்கும் ஓர் அட்டை தருகிறோம். அதற்கு முன்பாகவே, பதிவேட்டில் அந்த வரிக்குக் கீழே ஒரு திருத்தம் எழுதித் தந்தால், அந்தச் சிறுவனை அழைத்து அவனுக்கு அதை வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை,
ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி