உப்புத்தாளைக் கீழே வை

கானாடுகாத்தான்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். டெக்சாஸுக்குப் போய் ஒரு பழைய 303 ராணுவ ரைஃபிள் வாங்கியிருக்கிறாய், சரி. ஆனால் மேசை ஓரத்தில் உப்புத்தாளும் வார்னிஷ் டப்பாவும் இருக்கிறதே, அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பகீரென்றது. துப்பாக்கியைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த இரண்டையும் தூக்கி உள்ளே வை.

நான் ஆயுதப்படையில் ஆர்மரராக, துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கிறவனாக, இருந்த காலத்தில், எண்ணெய் நாற்றம் என்று என் பக்கத்திலேயே வரமாட்டாய். இப்போது காசு கொடுத்து அதே நாற்றத்தை வாங்கியிருக்கிறாய். சந்தோஷம்தான் போ.

தோட்டா ஏதும் உள்ளே இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டு, அது யார் என்று படி. பின்கட்டை இரும்போடு சேருகிற இடத்தில், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டின் கைப்பிடிக்குக் கீழே, வலது பக்கம் எழுத்து வெட்டியிருக்கும். உன் போட்டோவில் கிரீஸுக்கு அடியில் கிரீடம், ஜிஆர்ஐ, ஈஷாப்பூர், 1942 என்று தெரிகிறது. ஜிஆர்ஐ என்றால் இந்தியாவுக்கும் பேரரசராக இருந்த ஜார்ஜ் மன்னர். ஈஷாப்பூர் கல்கத்தாவுக்கு வடக்கே இருக்கும் துப்பாக்கித் தொழிற்சாலை. சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவற்றில் கிரீடம் போய் அசோகச் சின்னமும் ஆர்எஃப்ஐ என்ற எழுத்தும் வந்துவிட்டன. ‘மார்க் 3’ என்ற மாடல் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தையும் கவனி. முதல் உலகப் போரில் சீக்கிரம் செய்து தள்ளுவதற்காகச் சில பாகங்களைக் குறைத்த வகை அது. ஏதோ உடைந்துபோய்விட்டதோ என்று தேடாதே.

முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு போகிறது, யாரோ துளைபோட்டுக் கெடுத்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். கெடுக்கவில்லை. கட்டை பிளக்காமல் இருக்க ஈஷாப்பூர்க்காரர்களே போட்ட திருகு அது. எங்கள் ஸ்டோரில் இருந்த பழைய 303 எல்லாவற்றிலும் அதைப் பார்த்திருக்கிறேன். அதைக் கழற்றி ஓட்டையை அடைக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

குழல் வாயையும் ஒருமுறை பார்த்துவிடு. இந்த 303-களில் ஒரு பகுதியை 410 மஸ்கட்டாக மாற்றிக் காவலர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான், மேகசின் வேலை செய்யாது. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே குழல் பெரிது, தோட்டாவைச் சுழற்றும் சுருள் வரியும் இருக்காது. உன்னுடையதில் வரி தெரிகிறது, நல்லது.

அடுத்து நம்பர். போல்ட் கைப்பிடியின் பின்புறம், போல்ட் ஓடுகிற இரும்பு உடம்பின் முன்வளையம், குழலின் அடிப்பகுதி, குழல் வாயருகே இருக்கும் மூக்கு மூடி, குறிபார்க்கும் பின் தகட்டின் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் வெட்டியிருப்பார்கள். மற்றவை மாறியிருந்தால்கூட விடு. போல்ட் நம்பர் மட்டும் உடம்போடு ஒத்துப்போக வேண்டும். அந்தந்த உடம்பில் உட்கார வைத்துப் பொருத்திய சாமான் அது. நம்பர் ஒத்தாலும் ஒக்காவிட்டாலும், ஊரில் இருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து கேஜ் வைத்துப் போல்ட்டின் இடைவெளியை அளக்காமல் ஒரு தோட்டாகூடப் போடாதே.

அம்மாவிடம் இருக்கும் அந்தப் பெரிய பித்தளை அண்டா உனக்கு நினைவிருக்கும், விளிம்பில் புள்ளி புள்ளியாக விலாசம் வெட்டியது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் வீதியில் அதை வாங்க வருகிறவன் முதலில் தடவிப் பார்ப்பது அந்த எழுத்தைத்தான். தேய்த்து மழமழவென்று ஆக்கினால் அது வெறும் பித்தளை, எடைக்குப் போடலாம். உன் துப்பாக்கிக் கட்டையில் இருக்கும் முத்திரைகளும் அப்படித்தான். உப்புத்தாள் இரண்டு இழுப்பு இழுத்தால் எல்லாம் போய்விடும், திரும்ப வராது.

கழற்றும்போது வரிசை முக்கியம். முன்கட்டையை எடுக்காமல் பின்கட்டையை உடம்போடு பிணைக்கிற போல்ட்டைத் திருகவே கூடாது. அந்த நீளமான போல்ட்டின் நுனி சதுரமாக இருக்கும். அது முன்கட்டையின் பின்புறத்தில் ஒரு தகட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். நீ பின்னாலிருந்து திருகினால் சதுரம் சுற்றும், தகடு தாங்காது, கட்டை பிளந்துகொள்ளும். ‘டக்’கென்று ஒரு சத்தம்தான் கேட்கும். அதனால் மூக்கு மூடி, வளையங்கள், மேல்கட்டை, விசைக்காப்பு, முன்கட்டை, இப்படி முன்னாலிருந்து பின்னால் போ. பின்கட்டைக்கு அவசியம் இல்லையென்றால் அதைத் தொடவே தொடாதே. அடிப்பித்தளையில் இருக்கும் சின்னக் கதவை மட்டும் நகத்தால் நெம்பித் திறந்து பார், உன் அதிர்ஷ்டம் இருந்தால் எண்ணெய்ப் புட்டியும், குழல் துடைக்கிற கயிறான புல்த்ரூவும் உள்ளேயே இருக்கும்.

பழைய கிரீஸை மினரல் ஸ்பிரிட்டில் துடை, இங்கே நாங்கள் மண்ணெண்ணெயில் செய்தோம். இரும்பில் துரு இருந்தால் எண்ணெய் விட்டு, மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் லேசாக. கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். கட்டைக்கு அலிசி எண்ணெய், அதாவது ஆளிவிதை எண்ணெய், காய்ச்சாமல் பச்சையாக, இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுச் சூடு ஏறும் வரை தேய். உன் தாத்தா செட்டியார் வீட்டுப் பர்மாத் தேக்குக் கதவுகளுக்கு இதைத்தான் செய்தார், வார்னிஷைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஒரு எச்சரிக்கை: அலிசி எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதே, தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போடு. உங்கள் வீடு முழுக்க மரம்.

பழைய ராணுவத் தோட்டா சுட்டால் குழலுக்குள் உப்புப் படியும். எண்ணெயில் அது கரையாது, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு புல்த்ரூவில் துணி கட்டி, துணி காய்ந்து வரும்வரை இழு, அதற்கப்புறம் எண்ணெய். புதுத் தோட்டாவுக்கு இவ்வளவு பாடு இல்லை.

பொங்கலுக்கு வரும்போது எடுத்து வரலாமா என்று கேட்டிருந்தாய். கூடவே கூடாது. 303 இங்கே தடைசெய்யப்பட்ட ரகம். தேர்தல் வந்தால் லைசென்ஸ் உள்ளவர்களே துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வருகிற ஊர் இது. போட்டோ போதும்.

போல்ட்டைத் தனியாக எடுத்து வேறு அலமாரியில் பூட்டு, பிள்ளைகள் வளைய வருகிற வீடு. அப்புறம், பின்கட்டை வலது பக்கத்தில் பித்தளை வில்லை இருந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. எந்தப் படையில் இருந்தது என்று படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா