கியர் பெட்டியைக் கழற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய சிறிய காரில் கியர் விழ மறுத்தாலே கியர் பெட்டியைக் கழற்ற முடிவெடுப்பது வருத்தமளிக்கிறது. என்ஜினை நிறுத்தியிருக்கும்போது எல்லா கியர்களும் எளிதாக விழுந்து, என்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஆகவே கிளட்ச் கேபிளின் தளர்வையும், ஹைட்ராலிக் அமைப்பாக இருந்தால் திரவக் கசிவையும் உள்ளே புகுந்த காற்றையும் முதலில் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் கரகரப்பு எழுந்தால் கியர் மாறும்போது சுழலும் வேகங்களை ஒன்றாக்கும் அதன் சின்க்ரோனைசர் வளையம் தேய்ந்திருக்கலாம்.

பெரிதும் புறக்கணிக்கப்படுவது கியர் ஆயில்தான். ஜிஎல்-4 என்ற ஆயில் தரம் பரிந்துரைக்கப்பட்ட பெட்டியில், உயர்ந்த எண் என்பதற்காகவே ஜிஎல்-5 ஊற்றுவதை என்னால் ஏற்க இயலவில்லை. அதில் கூடுதலாக உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கைகளில் சில, பித்தளையாலான சின்க்ரோனைசர் வளையங்களை அரிக்கக்கூடும். வாகனக் கையேடு குறிப்பிடும் தரத்தையே மெக்கானிக்கிடம் உரிமையாளர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்