அப்ரண்டிஸ் முடியும்போது கையில் இருக்க வேண்டியவை

தம்பிக்கு,

அடுத்த மாதம் கம்பெனியில் அப்ரண்டிஸ் பயிற்சி முடிகிறது, "வேலைக்கு எடுத்துக்குவோம்னு எச்.ஆர். சொல்லியிருக்கார்" என்று போனில் சொன்னாய். அவர் சொன்னது இருக்கட்டும். நீ சேரும்போது கையெழுத்துப் போட்ட காண்டிராக்டை எடுத்து, பயிற்சிக்குப் பிறகு என்ன என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பார்.

1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தில் 22-ஆவது பிரிவுதான் உனக்கு முக்கியம். 2014 திருத்தத்துக்குப் பிறகு அதன் முதல் உட்பிரிவு, பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அவ்வளவுதான். இத்தனை பேரை எடுத்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. ஆனால் இரண்டாவது உட்பிரிவு வேறு மாதிரி. பயிற்சி முடிந்ததும் இந்த நிறுவனத்தில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று காண்டிராக்டில் நிபந்தனை இருந்தால், கம்பெனியும் தகுந்த வேலை கொடுக்கக் கடமைப்பட்டது. அந்த ஒரு வரி உன் காண்டிராக்டில் இருந்தால் நீ பேசலாம். பெரும்பாலும் இருக்காது. வேண்டுமென்றேதான் விட்டிருப்பார்கள்.

இதில் கம்பெனிக்கு என்ன லாபம் என்று கணக்குப் பார். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைக்க வேண்டும். 2019-இல் திருத்திய விதிப்படி ஐடிஐ முடித்தவனுக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் ஸ்டைபெண்ட், அதாவது பயிற்சிப் படி. அதிலும் 1,500 ரூபாய் வரை அரசாங்கம் தருகிறது. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது. இந்த பேட்ச் போனால் அடுத்த பேட்ச் வாசலில் நிற்கும். உன்னை நிரந்தரமாக்க அவர்களுக்கு என்ன அவசரம்?

உன் பாஸ்புக்கில் மாதம் இரண்டு வரவு தனித்தனியாக விழுகிறதா பார். கம்பெனி போடுவது ஒன்று, அரசாங்கம் போடுவது இன்னொன்று. இரண்டாவது வரவே இல்லை என்றால் ஆதார் இணைப்பில் கோளாறு இருக்கலாம். அல்லது காண்டிராக்டையே அரசாங்க அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதியாமல் விட்டிருக்கலாம். பதியவில்லை என்றால் சட்டப்படி நீ அப்ரண்டிஸே இல்லை, வெறும் 'ட்ரெய்னி'. ஒரு வருட உழைப்புக்கு ஒரு வெள்ளைத்தாள் சர்டிஃபிகேட் மட்டும் மிஞ்சும். இதை இந்த வாரமே பார்த்துவிடு.

அதைவிட முக்கியம் டிரேட் டெஸ்ட், உன் தொழிற்பிரிவுக்கான தேர்வு. அகில இந்தியத் தேர்வில் தேறி தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ், அதுதான் என்.ஏ.சி., வாங்கினால்தான் வெளியே மதிப்பு. உன்னை வருடம் முழுக்க லைனில் ஒரே ஸ்டேஷனில் நிறுத்தி டார்க் ரெஞ்சில் அதே நாலு போல்ட்டை முறுக்கவிட்டிருக்கிறார்கள். லாக்புக்கில் என்னவோ எல்லா வேலையும் கற்றுத் தந்ததாக எழுதியிருக்கும். ஃபிட்டர் பாடத்தில் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் 'மேல்-ஃபீமேல்' துண்டுகளை 0.04 மில்லிமீட்டர் கணக்கில் ராவ வேண்டும். ஒரு வருடம் அரத்தைத் தொடாத கைக்கு அது சட்டென்று வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் படித்த ஐடிஐ பட்டறையில் அனுமதி கேட்டுப் போய் ராவிப் பழகு.

முடிகிற வாரத்தில் "ஏஜென்சி மூலமா வாங்க, அதே லைன்தான்" என்பார்கள். பணம் தேவை என்றால் போ, தப்பில்லை. ஆனால் அதன் பிறகு நீ அந்தக் கம்பெனி ஆள் இல்லை, ஏஜென்சி ஆள். பி.எஃப். எண் யார் பெயரில் வருகிறது என்று முதல் மாதமே பார். "இன்னொரு வருஷம் அப்ரண்டிஸாவே இருங்க" என்றால் ஒத்துக்கொள்ளாதே. அதே டிரேடில் அது ஒருமுறைதான்.

1995-இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. மற்றவை சமமாக இருந்தால் அங்கேயே பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை. வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. வயது வரம்பைத் தாண்டினால் பயிற்சிக் காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். யூனியன் ஆட்கள் எடுத்துக் காட்டுவது இதைத்தான். அரசு நிறுவனங்களிடம் பேச இது ஒரு பிடி. தனியாரிடம் பெரிதாக எடுபடாது. அரசு இடத்திலும் 'சமமாக இருந்தால்' என்ற அந்த வார்த்தையிலேயே பல பேர் வழுக்கிவிடுகிறார்கள்.

ரயில்வேயில் லெவல்-1, அதாவது கடைநிலை வேலைக்கு அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் அது பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) மாதிரி ரயில்வே இடங்களில் பயிற்சி எடுத்து என்.ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கு. எழுத்துத் தேர்வும் உண்டு. ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் முடித்த உனக்கு அது வராது. "அந்தக் கோட்டாவில் போட்டுவிடுகிறேன்" என்று எவனாவது லட்சக்கணக்கில் கேட்டால் போனை வை.

பயிற்சியின்போது பிரச்சினை என்றால் அதே அப்ரண்டிஸ் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி அரசாங்கத்தின் அப்ரண்டிஸ் ஆலோசகரிடம் எழுத்தில் கொடு. உன் மாதிரி ஐடிஐக்காரர்கள் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் தொடங்கலாம். உன் ரூம்மேட் டிப்ளமோ என்பதால் அவனுக்குத் தரமணியில் இருக்கும் அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம். கம்பெனி ஒப்பந்தத்தை மீறியதால் அது பாதியில் முறிந்தால் மூன்று மாத ஸ்டைபெண்ட் இழப்பீடாகக் கேட்கலாம். முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான்.

சேரும்போது ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களே, கடைசி நாள் வரை காத்திருக்காமல் டிரேட் டெஸ்டுக்கு வேண்டும் என்று சொல்லி இப்போதே வாங்கு. வாங்கியதும் எனக்கு ஒரு போன் போடு.

அப்பா