ஆண்டறிக்கை: விடுதிப் பராமரிப்பு ஊழியர் சங்கம், நெல்லை வட்டாரம்

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணாச்சி அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கையில் சந்தா, சீருடை, தீபாவளி போனஸ் என்றுதான் வரிசையாக வரும். இந்த ஆண்டு செயற்குழு எப்போது கூடினாலும் பேச்சு விபத்தில்தான் வந்து நின்றது. அதனால் அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

பைபாஸ் பக்கம் ஒரு விடுதியில் நம் உறுப்பினர் வராண்டா லைட் மாற்ற ஏணியில் ஏறினார். மாடி போர்டில் அந்த லைனுக்கான எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினார். ஆனால் அந்த லைட்டுகளை இடையில் யாரோ யுபிஎஸ் (பேட்டரி) லைனுக்கு மாற்றியிருந்தார்கள். ஒயரைத் தொட்டதும் சுரீரென்று அடித்தது. ஷாக் பெரிதில்லை, விழுந்ததுதான் பெரிது. மணிக்கட்டு முறிந்து, பாளை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். நிர்வாகம் எழுதிய காரணம்: "ஊழியரின் கவனக்குறைவு." இதைச் செயற்குழு ஏற்கவில்லை. அவர் அணைத்தது போர்டில் எழுதியிருந்தபடி சரியான சுவிட்ச். லைனை மாற்றியவர் போர்டில் ஒரு வரி எழுதி ஒட்டாமல் போனதற்கு இவர் கை முறிய வேண்டுமா?

அதன்பிறகுதான் பூட்டுத் திட்டம் வந்தது. எம்சிபியில் மாட்டும் கிளிப், சின்னப் பூட்டு, "ஆள் வேலை செய்கிறார்" என்று பெயரோடு ஓர் அட்டை. சாவி வேலை செய்பவர் பையில்தான் இருக்கும், சூப்பர்வைசரிடம் கூடக் கொடுப்பதில்லை. ஆனால் பூட்டு மட்டும் போதாது என்பதை அந்த யுபிஎஸ் லைனே காட்டிவிட்டது. இபி, ஜெனரேட்டர், யுபிஎஸ் மூன்றில் எது வருகிறது என்று பார்த்து அணைக்க வேண்டும். பிறகு டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள பாயிண்டில் வைத்து எரிகிறதா என்று பார்த்து, அடுத்து வேலை செய்யும் லைனில் வைத்து, மறுபடி கரண்ட் பாயிண்டில் வைத்துப் பார்க்க வேண்டும். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதற்காக மட்டும் கை வைக்க வேண்டாம். மர ஏணியில் நின்றால் அது ஏமாற்றும். "கெஸ்ட் வெயிட் பண்றாருவே, சட்டுன்னு முடிங்க" என்று ரிசப்ஷனிலிருந்து போன் வரத்தான் செய்யும். வரட்டும்.

கெய்சர் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச், இருக்க வேண்டும். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதைத் தவிர்த்து டைரக்டாகக் கொடுத்துவிடும் வழக்கம் நம் ஆட்களிடமே உண்டு. டிரிப் ஆனால் எங்கோ கசிவு இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

குற்றாலத்து உறுப்பினர்களின் பாடு வேறு. சாரல் சீசனில் ரூம் காலியாகி அடுத்த குடும்பம் ஏறுவதற்குள் ஏசி சரியாகிவிட வேண்டும். அவுட்டோர் யூனிட்டோ பாசி பிடித்த சன்ஷேடில் இருக்கிறது. பாதுகாப்பு பெல்ட் கொடுத்திருக்கிறார்கள், அதை மாட்டக் கொக்கி இல்லை. ஏசி ஸ்டாண்டிலேயே மாட்டிக்கொண்டு நின்றவரை நானே பார்த்தேன். அந்த ஸ்டாண்டின் போல்ட் ஒரு ஆளைத் தாங்காது. மொட்டைமாடியில் கான்கிரீட்டில் பதித்த கொக்கி வேண்டும் என்று உரிமையாளர்களுக்கு மனு கொடுத்தோம். சிலர் போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் "சீசன் முடியட்டும்" என்கிறார்கள். ஆனி, ஆடியில் சொன்னால் ஐப்பசி வரை அதே பதில்தான்.

சம்ப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தரைக்குக் கீழ் உள்ள தொட்டிகளில் சேறு இறங்கியபோது பலர் யோசிக்காமல் உள்ளே இறங்கினார்கள். தப்பியது அதிர்ஷ்டம். நாள்பட மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்திருக்கும். சேறும் கழிவும் இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கலாம். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. அப்போது வாயு போய்விட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து. மெழுகுவத்தி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அது இந்த வாயுவைக் காட்டாது, மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கவும் செய்யும். பெட்ரோலில் ஓடும் பம்பை உள்ளே இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும், அதற்கு நாற்றமே கிடையாது. ஒருவர் மயங்கினால் காப்பாற்றப் பின்னாலேயே குதிப்பவரும் சாகிறார். மேலே கயிறோடு ஓர் ஆள் நிற்காமல், வாயு அளவு பார்க்காமல் யாரும் தண்ணீர்த் தொட்டியில் இறங்க வேண்டாம்.

செப்டிக் டேங்க் என்றால் இறங்கவே கூடாது. பாதுகாப்புச் சாதனமின்றி ஆளை இறக்குவதை 2013-இல் வந்த, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் சட்டம் தடைசெய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ஆக்கியது. மேனேஜர் சொன்னாலும் மறுத்துவிட்டுச் சங்கத்துக்குப் போன் போடுங்கள்.

ஹவுஸ்கீப்பிங் அக்காமாருக்கு ஒன்று: பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளன்று முதலுதவி வகுப்பு நடத்தினோம். பொம்மையை வைத்து நெஞ்சை அழுத்திப் பழகியதில் இளைஞர்களுக்கே மூச்சு வாங்கியது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்பது சும்மா இல்லை.

இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில் இன்னும் இழுபறி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் விடுதியில், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு அது உரிமை. காண்ட்ராக்ட் ஆள் என்று தட்டிக்கழிக்க முடியாது, காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் விடுதி கட்ட வேண்டும். வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். ஆனால் விபத்து அன்றே பதிவேட்டில் ஏற வேண்டும். "பேர் கெட்டுரும் தம்பி, நானே ஆஸ்பத்திரிச் செலவைப் பாத்துக்கிடுதேன்" என்று முதலாளி அன்பாகச் சொன்னாலும் எழுத வையுங்கள்.

பூட்டும் கிளிப்பும் வாங்காத உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் வாங்கிக்கொள்ளலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்